ஒரு மோல் என்றால், எதில் ஒரு மோல்?

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் வேதியியல் வகுப்பு எடுக்கிறேன். நான்காம் படிவத்தில், அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அளவான மோல் பாடம் தொடங்கியதும் பாதிப் பிள்ளைகள் முகம் வாடி வருவார்கள். தமிழ்ப்பள்ளியில் பொருண்மை என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் ஜிசிம் ஆகிவிட்டது. வீட்டிலோ எல்லாமே எடைதான். மொழி மாறிய குழப்பம் கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். தெளியாமல் நிற்பது வேறொன்று. தாள் திருத்தும்போது பார்க்கிறேன், பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. எதை எண்ணுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் கால்குலேட்டரை எடுத்துவிடுகிறார்கள்.

ஐசோடோப்புக் கணக்கைப் பாருங்கள். ஐசோடோப்புகள் என்பவை ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள். குளோரின்-35 ஏறத்தாழ 75 விழுக்காடு, குளோரின்-37 ஏறத்தாழ 25 விழுக்காடு. ஒப்பு அணுநிறை, அதாவது இந்த அணுக்களின் சராசரி நிறை, என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இந்தத் தவறை அவர் செய்திருக்க மாட்டார். வாளியில் வரும் பாலைத் தோட்டத்து ஸ்டோரில் நிறுப்பார்கள். பிறகு மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர்; ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இப்போது 35 விழுக்காட்டுப் பால் 75 கிலோவையும் 37 விழுக்காட்டுப் பால் 25 கிலோவையும் ஒரே தொட்டியில் ஊற்றுவோம். முதலாவதில் 26.25 கிலோ ரப்பர், இரண்டாவதில் 9.25 கிலோ. மொத்தம் 100 கிலோ பாலில் 35.5 கிலோ. குளோரினின் ஒப்பு அணுநிறையும் அதே 35.5. எந்தப் பால் அதிகமோ அதன் பக்கம்தான் தொட்டி சாயும். விடை இரண்டு எண்களுக்கும் நடுவே, அதிகமாக இருக்கும் ஐசோடோப்புக்கு அருகில் விழவேண்டும். விழவில்லை என்றால் கணக்கில் கோளாறு. இந்தச் சோதனைக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

தொட்டியில் ஊற்றிய இரு வகைப் பாலில் எதுவுமே 35.5 விழுக்காடாக இருந்ததில்லை என்பதையும் கவனியுங்கள். அப்படியே 35.5 நிறையுள்ள குளோரின் அணு எங்கும் கிடையாது. புரோமின் இன்னும் வேடிக்கை. அட்டவணையில் 80 என்று போட்டிருப்பார்கள். இயற்கையில் கிடைக்கும் புரோமினோ 79, 81 என்ற இரண்டும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலந்தது. 80 என்ற அணு அதில் இல்லை. புரோமினில் 35 புரோட்டான்கள், ஆகவே 80-இல் 35 போக 45 நியூட்ரான்கள் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். நியூட்ரானைக் கணக்கிட நிறை எண் வேண்டும், அதாவது ஓர் அணுவின் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை. ஒப்பு அணுநிறை அதற்கு உதவாது.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதைச் செம்பு நன்றாகக் காட்டும். செம்பு-63, செம்பு-65 என்று இரண்டு ஐசோடோப்புகள். ஒப்பு அணுநிறை 63.5 என்றால் செம்பு-63 எத்தனை விழுக்காடு? பாடநூல் முறையில் 75 வரும். பள்ளிக்கு அது சரியான விடை. என் மாணவி ஒருத்தி இணையத்தில் தேடிவிட்டு, "உண்மையில் 69 விழுக்காடு என்று போட்டிருக்கிறது, சார்" என்று வந்து நின்றாள். அவள் பார்த்ததும் சரிதான். 63, 65 என்பவை புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் எண்ணிச் சொன்ன முழு எண்கள். அணுக்களின் உண்மையான ஒப்பு நிறைகள் 62.930, 64.928. ஒப்பு அணுநிறையும் 63.5 அல்ல, 63.546. இவற்றைப் போட்டால் 69 வந்துவிடுகிறது. 1961 முதல் கார்பன்-12-ஐச் சரியாக 12 என்று வைத்து மற்ற அணுக்களை அதனோடு ஒப்பிடுகிறார்கள். கார்பன்-12-ஐத் தவிர வேறெந்த அணுவுக்கும் நிறை துல்லியமான முழு எண்ணாக வராது. கேள்வித்தாள் முழு எண்ணைக் கொடுத்தால் முழு எண்ணையே பயன்படுத்துங்கள். தசம இடங்களைச் சுருக்கியதால் இங்கே விடை ஆறு விழுக்காடு நகர்ந்தது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

ஒப்பு அணுநிறை வெறும் ஒப்பீடு என்பதால் அதற்கு அலகு இல்லை. பக்கத்தில் கிராம் போடாதீர்கள். ஒரு மோலின் நிறைக்குத்தான் கிராம்.

இனி மோல். 2019 முதல் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ என்ற எண்ணிக்கை, வகுப்பில் 6.02 × 10²³ போதும். டஜன் போல அதுவும் ஓர் எண்ணிக்கைதான். ஒரு டஜன் கொடுங்கள் என்று கடையில் கேட்டால், எது என்று திருப்பிக் கேட்பார்கள். கணக்கு நோட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. "8 கிராம் ஆக்சிஜன் வாயு எத்தனை மோல்?" என்றால் 16-ஆல் வகுத்து 0.5 என்று எழுதிவிடுகிறார்கள். அது அணுக்களின் கணக்கு. வாயுவில் ஆக்சிஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறு. 32-ஆல் வகுத்தால் 0.25 மோல். இரண்டு எண்களும் உண்மையே, ஆனால் வேறு வேறு கேள்விகளுக்கு.

ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலக்கூற்றில் ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஒரு மோல் 46 கிராம். 4.6 கிராமில் 0.1 மோல் மூலக்கூறுகள். ஹைட்ரஜன் அணுக்கள் 0.2 மோல், அதாவது 1.204 × 10²³. வாய்பாட்டில் ஒரு ஹைட்ரஜன் முதலிலும் இன்னொன்று கடைசியிலும் இருப்பதால் ஒன்றை மட்டும் எண்ணிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். விடைக்குப் பக்கத்தில் அணுவா, மூலக்கூறா, அயனியா என்று ஒரு சொல் எழுதும்படி வற்புறுத்துகிறேன். முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அடைப்புக்குறிக்கு வருவோம். அம்மோனியம் சல்பேட்டில் அம்மோனியம் அடைப்புக்குள் இருக்கும். வெளியே சிறிய 2. அந்த 2 நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் சேர்த்துத்தான். ஹைட்ரஜனை மட்டும் பெருக்கினால் 118 வரும். சரியான விடை 28, 8, 32, 64 சேர்ந்து 132. சரிபார்க்க இங்கே ஒரு வசதி உண்டு. செம்பனைத் தோட்டத்து உர மூட்டையைப் பாருங்கள், நைட்ரஜன் 21 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். 28-ஐ 132-ஆல் வகுத்தால் 21.2. யூரியா மூட்டையில் 46. அதன் மோல் நிறை 60, 28-ஐ அதனால் வகுத்தால் 46.7. மூட்டையும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டைத் திருத்துங்கள்.

நீரேறிய செம்பு சல்பேட்டின் நடுப்புள்ளி பெருக்கல் குறி அல்ல. செம்பு 64 என்று கொடுத்திருந்தால் 160-உடன் ஐந்து நீருக்கான 90-ஐக் கூட்டி 250. பெருக்கி 14,400 கொண்டுவந்தவரும் உண்டு.

அறை நிலையில் ஒரு மோல் 24 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும். திரவ நீர் ஒரு மோல் 18 மில்லிலிட்டர்தான். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். பூஜ்ஜியம் டிகிரியில் சில நூல்கள் 22.4 என்றும் சில 22.7 என்றும் சொல்வது அச்சுப்பிழை அல்ல. 1982இல் திட்ட அழுத்தத்தின் அளவைச் சற்றுக் குறைத்ததால் வந்த வேறுபாடு அது. கேள்வியில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

கடைசியாகக் கால்குலேட்டர். 6.02, பெருக்கல், 10, அதன்பின் அடுக்குப் பொத்தான் (EXP அல்லது ×10ˣ), 23 என்று தட்டுகிறார்கள். அந்தப் பொத்தானுக்குள்ளேயே பத்து அடங்கியிருக்கிறது. விடை பத்து மடங்காகிவிடும். இலக்கங்கள் எல்லாம் அப்படியே இருப்பதால் கண்ணுக்கும் படாது. 6.02 தட்டி, நேரே அடுக்குப் பொத்தான், பிறகு 23. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்ததும் இதை ஒருமுறை தட்டிப் பாருங்கள். திரையில் 24 தெரிந்தால் விரல் பழைய வழியிலேயே போயிருக்கிறது.