ரெஃபர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "ஆஸ்பத்திரியில சரியாவே பார்க்கலைம்மா, புகார் கொடுக்கணும்" என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பேன்: கையில் என்ன சீட்டு இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எத்தனை மணிக்குப் போனீர்கள் என்றால், "விளக்கு வைக்கிற நேரம்" என்பார்கள். அதை வைத்து எந்த அதிகாரியைக் கேள்வி கேட்பது?

ஆகவே, முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் நோயாளியை விட்டு நகரக்கூடாது. இன்னொருவர் நேரம் குறிக்கட்டும்: 108-க்குப் போன் போட்டது, வண்டி வந்தது, ஆஸ்பத்திரி சேர்ந்தது, டாக்டர் வந்து பார்த்தது, முதல் ஊசி போட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணி அனுப்பியது. நோட்டு எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் யாருக்காவது வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி தட்டிவிட்டால் நேரம் தானாக விழுந்துவிடும். வீடியோ மட்டும் எடுக்காதீர்கள். டூட்டியில் இருப்பவர் நோயாளியை விட்டுவிட்டு உங்கள் போனைத்தான் பார்ப்பார். கை நீட்டி அடித்தால் 2008-ஆம் வருடத்து ஆஸ்பத்திரி வன்முறைத் தடுப்புச் சட்டப்படி ஜாமீனில் வர முடியாத வழக்கு. உங்கள் புகாரும் அதோடு போச்சு.

சிகிச்சை சரியாக நடக்கிறதா என்று படிக்காதவர்கூடக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது பாம்புக்கடிதான். கொஞ்சம் ரத்தம், சுமார் 2 மில்லி, எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே தேவை. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். "கண்ணாடிக் குழாய்தானே சிஸ்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. இமை தொங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் இந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக்கூடாது. விஷமுறிவு மருந்தின் முதல் டோஸ் பொதுவாக 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்தா விஷத்தைக் குறைக்கிறது? முதல் தடவை ரத்தம் உறைந்துவிட்டது என்று உடனே வீட்டுக்கு அனுப்பினால் போகாதீர்கள். 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும், பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

இனி ரெஃபர் சீட்டு. "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது சீட்டே இல்லை. வந்த நேரம், வந்தபோது பி.பி., நாடி, என்ன மருந்து எத்தனை மணிக்கு, பாம்புக்கடி என்றால் எத்தனை குப்பி, ஏன் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்கள். இன்னொன்றையும் பாருங்கள். "உறவினர் விருப்பத்தின்பேரில்" என்றோ, ஆங்கிலத்தில் ஏ.எம்.ஏ. (டாக்டர் சொல்லை மீறிப் போகிறார்) என்றோ எழுதிக் கையெழுத்துக் கேட்பது உண்டு. அவர்களாக அனுப்பிவிட்டு நீங்களாகப் போனதாக ஆக்குகிற எழுத்து அது. படிக்கத் தெரியாவிட்டால் 108 வண்டியில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் சீட்டுக்காக வண்டியை நிறுத்தி வைக்கவே கூடாது. வண்டி கிளம்பட்டும், இரண்டாவது ஆள் நின்று வாங்கி, போட்டோ பிடித்து அனுப்பட்டும்.

சாலை விபத்தென்றால் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், கேட்டு வாங்குங்கள். முதல் 48 மணி நேரத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' என்ற அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. படுக்கை இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் அலைக்கழித்த வழக்கில் 1996-ல் இழப்பீடும் கொடுக்க வைத்தது.

புகாரை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, தனியார் எல்லாம் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி என்றால் டீன். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவும் கடைசியில் இவர்களிடம்தான் வரும், ஆனாலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம்.

மனு ஒரு பக்கம் போதும். "அலட்சியம்", "கொலை" என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர் மூடி வைத்துவிடுவார். "இரவு 8.10-க்கு வந்தோம், 9.05 வரை டாக்டர் வரவில்லை, அன்று டூட்டி யாருக்கு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். எங்கள் ஆட்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன்: ராத்திரியில் ஒரே நர்ஸ், உள்ளே பிரசவம், வெளியே பாம்புக்கடி என்றால் அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எத்தனை இடம் காலி, எத்தனை மாதமாகக் காலி என்று மேலே கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை நோயாளியோ அவர் சார்பில் ஒருவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. அன்றைய டூட்டி பட்டியலும் விஷமுறிவு மருந்தின் இருப்புப் பதிவேடும் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். வெள்ளைத் தாளில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில். வரவில்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்; அதற்குக் கட்டணம் கிடையாது.