கமிட் ஆக்சஸை நன்றிப் பரிசாகக் கொடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டின் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். மொத்தம் 11 பேர், அதில் 9 பேருக்கு அட்மின், அதாவது எல்லாவற்றையும் மாற்றும் உரிமை. "நல்லா வேலை செஞ்சாங்கண்ணா, ஏதாவது செய்யணும்ல" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே காரணத்தைச் சொல்லித்தான் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கமிட் ஆக்சஸ் என்றால் ப்ராஜெக்டின் கோடை நேரடியாக மாற்றும் உரிமை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சாவிக்கொத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பது

ஒருவர் அனுப்பும் பேட்சை, அதாவது கோட் திருத்தத்தை, படித்துக் கருத்துச் சொல்வது ஒரு பொறுப்பு, அதை மெயின் பிராஞ்ச் என்ற முதன்மைக் கோடில் சேர்ப்பது (மெர்ஜ்) இன்னொன்று, புதிய பதிப்பாக ரிலீஸ் போடுவது மூன்றாவது. நான் எழுதிய கோட் லைப்ரரிக்கு நான்கு மாதம் அருமையான பேட்சுகள் அனுப்பிய ஒருவருக்கு, வேலைக் களைப்பில் மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை இரவு அவர் தேதி படிக்கும் ஃபங்ஷனைத் திருத்தி, யாரும் பார்க்காமலே மெர்ஜ் செய்து, ரிலீஸும் போட்டுவிட்டார். 03-04 என்றால் ஏப்ரல் 3 என்று படித்தது, மார்ச் 4 என்று படிக்க ஆரம்பித்தது. நாள் 12-ஐத் தாண்டினால் மட்டும் சரியாகப் படித்தது. அதனால் எர்ரரே வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தெரிவதற்குள் எத்தனையோ பேரின் தரவு கெட்டிருந்தது. அவர் மேல் தப்பில்லை, கொடுத்தது நான். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அவர் நல்லவர். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் யுடில்ஸ் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் வந்தவர் அப்படியில்லை. ஜியா டான் என்ற பெயரில் 2021 இறுதியில் பேட்ச் அனுப்பத் தொடங்கினார். 2022-இல் முன்பின் தெரியாத சில பெயர்கள், களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரை "இன்னொருவரைச் சேருங்கள்" என்று நெருக்கின. மெல்ல மெல்ல ரிலீஸ் உரிமையும் ஜியா டான் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு இருந்தது. கவனியுங்கள்: அதை இயக்கிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட் எல்லோரும் பார்க்கும் கிட் கோடில் இல்லை, ரிலீஸுக்காகக் கட்டிய டார்பால் ஃபைலில் மட்டும் இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் மார்ச் கடைசியில் வெளியே வந்தது.

அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளையின் ப்ராஜெக்டுகளில் கமிட் உரிமை இருந்தால் மட்டும் ரிலீஸ் போட முடியாது. நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். சின்ன ப்ராஜெக்டில் மூன்று பேருக்கு எங்கே போவது? சரி, இரண்டு பேர் போதும். ஒருவர் ரிலீஸைத் தயார் செய்யட்டும். மற்றவர் கிட் டேகிலிருந்து, அதாவது அந்தப் பதிப்புக்கென்று குறித்துவைத்த கோடிலிருந்து, தானே பில்ட் செய்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நன்றி சொல்ல வேண்டுமா, ரிலீஸ் நோட்டில் அவர் பெயரை முதல் வரியில் போடுங்கள்.

சொந்த பேட்சைத் தானே மெர்ஜ் செய்வது

வேண்டாம். ப்ராஜெக்டைத் தொடங்கியவருக்கும் இதுதான்.

போனவர்களின் ஆக்சஸை விட்டுவைப்பது

ஒரு வருடமாக எட்டிப் பார்க்காதவரின் உரிமையை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். திரும்பி வந்தால் கொடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தம்பியும் நானும் உட்கார்ந்து 9 அட்மினை 2 ஆக்கினோம். மற்ற 7 பேருக்கும் காரணத்தை விளக்கி அவரே மெயில் எழுதினார். முதலில் வந்த பதில்: "எனக்கு அட்மின் இருந்ததே தெரியாது."