கொம்பைன்ட் மாட்ஸில 100 எடுத்தா கெம்பஸ் நிச்சயமோ? கணக்குப் போட்டுப் பாக்கிற முறை

அக்கான்ர மகன் கிளிநொச்சியில மாட்ஸ் (கொம்பைன்ட் மாட்ஸ், அதாவது இணைந்த கணிதம்) படிச்சு ஏஎல், உயர்தரப் பரீட்சை, எடுத்தவன். ரிசல்ட் வந்த நாள் தொடக்கம் வீட்டுக்கு வாற சனமெல்லாம் "மாட்ஸ் ஏ தானே, பிறகென்ன, இஞ்சினியரிங் சரி" எண்டு சொல்லிச் சொல்லியே பெடியன்ர மண்டையைக் குழப்பிப்போட்டுதுகள். அவனை இருத்தி வைச்சுப் பாத்த கணக்கைத்தான் இதில எழுதிறன், முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பிள்ளையளுக்கும் இதே முறைதான். ஒன்லைனில விண்ணப்பம் அடிக்கிறது பற்றிச் சொல்லேல்ல, அதைக் கொம்யூனிகேசன் கடையிலயே செய்து தருவினம்.

ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) ரிசல்ட்டை முதல்ல ஒரு பக்கம் வையுங்கோ. 9 ஏக்கு பனர் கட்டினது சந்தோசம்தான், ஆனா கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, ஆள் எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் எண்ட எண்ணுக்குள்ள அது வராது. சில கோர்ஸுக்கு ஓஎல் மாட்ஸ் சித்தி கேப்பாங்கள், அதோட சரி.

படி 1: ரிசல்ட் ஷீட்டை வடிவாப் பாருங்கோ

சுட்டெண் அடிச்சா மாட்ஸுக்கு நேர ஏ எண்டு ஒரு எழுத்துத்தான் வரும். 76 எடுத்தவனுக்கும் ஏ, 100 எடுத்தவனுக்கும் ஏ. அந்த 24 மார்க்ஸ் எங்க போச்செண்டா, அதே பக்கத்தில நாலு தசமத்தில இசட் ஸ்கோர் எண்டு ஒண்டு கிடக்கும், அதுக்குள்ளதான் இருக்கு. கெம்பஸுக்கு எடுக்கேக்க பாக்கிறது அந்த எண்ணைத்தான், அதால 3 ஏ எடுத்தவனை 2 ஏ பி எடுத்தவன் முந்துறதும் நடக்கலாம்.

படி 2: இசட் ஸ்கோர் கணக்கு

இதிலதான் கனபேர் சறுக்கிறவை, மெதுவாப் போவம். உங்கட மார்க்ஸில இருந்து அந்தப் பாடம் எழுதின எல்லாரின்ர சராசரியையும் கழிச்சு, வாறதை நியம விலகலால (எல்லாற்ற மார்க்ஸும் சராசரியில இருந்து எவ்வளவு பரவிக் கிடக்கெண்டு காட்டுற எண்) பிரிக்கோணும். மூண்டு பாடத்துக்கும் தனித்தனியாச் செய்து, கூட்டி, மூண்டால பிரிச்சா உங்கட இசட் ஸ்கோர்.

சும்மா ஒரு கதைக்கு மாட்ஸ் சராசரி 40, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 45, மூண்டுக்கும் நியம விலகல் 20 எண்டு வைப்பம். ஒருத்தன் மாட்ஸில 100 எடுத்தா 3. அவனே பிசிக்ஸில 45 எண்டா கழிச்சு -0.25, கெமிஸ்ட்ரியில 45 எண்டா 0. எல்லாம் கூட்டி மூண்டால பிரிச்சா 0.9167. இன்னொரு பிள்ளை மாட்ஸ் 80, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 75. அவவுக்கு 2, 1.5, 1.5, பிரிச்சா 1.6667. 100 எடுத்தவன் கிட்டவும் வரமாட்டான். மாட்ஸ் மார்க்ஸ் எவ்வளவு எண்டாலும் மூண்டில ஒரு பங்குதான், அதால கெமிஸ்ட்ரியைக் கைவிட்டுட்டு நாள் முழுக்க மாட்ஸ் பாஸ்ட் பேப்பர் செய்யிற பெடியளை எனக்குக் கண்ணில காட்டக்கூடாது.

இந்தக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ் காணும். பேஸ்புக்கில சுத்துற "இசட் ஸ்கோர் கல்குலேட்டர்" ஒண்டையும் நான் நம்பமாட்டன், அந்த வருசத்துச் சராசரி தெரியாம என்னத்தைக் கணக்குப் பாக்கிறாங்களோ.

இதில ஒண்டு சொல்லோணும், வயசான ஆக்கள் இதைத் தரப்படுத்தலோட போட்டுக் குழப்புவினம். எழுபதுகளில வந்தது மொழி வாரியாப் புள்ளியை மாத்தினது. 2001இல வந்த இசட் ஸ்கோர் பாடத்துக்குப் பாடம் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டுறது, தமிழ் மீடியம் சிங்கள மீடியம் எண்டு பிரிக்கிறேல்ல.

படி 3: மாவட்டம்

மாட்ஸ், பயோ கோர்ஸுகளுக்கு 40 வீதம் நாடு முழுக்கத் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்ச 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. வன்னியில இருக்கிற எல்லா மாவட்டமும் அந்த 16க்குள்ள இருக்கு. அதால யாழ்ப்பாணத்துக் கட் ஓவை (கோர்ஸ் கிடைச்ச கடைசி ஆளின்ர இசட் ஸ்கோர்) பாத்து முல்லைத்தீவுப் பிள்ளை அழத்தேவையில்லை, உங்கட மாவட்டத்து நிரலைப் பாருங்கோ. அதுவும் போன வருசத்துக் கணக்குத்தான், இந்த வருசத்து எண் தெரிவு முடிஞ்சாப்பிறகுதான் வெளிய வரும்.

படி 4: தெரிவு வரிசை

"கிடைக்கும்" எண்டு நினைக்கிறதை மேல போடாதேங்கோ, விரும்பினதை மேல போடுங்கோ. மேல உள்ளது கிடைச்சா கீழ உள்ளதைப் பாக்கவே மாட்டாங்கள். கிடைக்காட்டிக் கீழ இறங்கிப் பாப்பாங்கள், அதால ஆசைப்பட்டதை முதல்ல போட்டு ஒருத்தருக்கும் நட்டமில்லை. இஞ்சினியரிங் எண்டு போட்டா யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கெண்டதையும் யோசியுங்கோ, மொறட்டுவவில அறை எடுத்து இருக்கிற செலவு லேசில்லை.

பின்சேர்க்கை: வெளிநாட்டுக்குப் போற ஐடியாவில எஸ்ஏடி (அமெரிக்கக் கெம்பஸுகள் கேக்கிற பரீட்சை) மாட்ஸில முழுப் புள்ளி 800 எடுத்தாக் காணுமோ எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டவை. அமெரிக்காவின்ர எம்ஐடி பல்கலைக்கழகம் 2022இல அந்தப் பரீட்சையைத் திரும்பக் கட்டாயமாக்கினது, ஆனா அங்க சேருற ஆக்களில கால்வாசிக்குக் குறையாம 800 தான் வைச்சிருக்கினம். அது கதவைத் திறக்கும், உள்ள கூட்டிக்கொண்டு போகாது. அங்க கட்டுரையும் பாப்பாங்கள், ஆசிரியர் குடுக்கிற கடிதமும் பாப்பாங்கள், எங்கட ஆக்கள் ஆயத்தப்படுத்தாம விடுறதே இது ரெண்டையும்தான்.

இன்னொரு பின்சேர்க்கை, இது முக்கியம்: கெமிஸ்ட்ரிக்குப் பதிலா ஐசிடி எடுத்த ஒரு தங்கச்சி மாட்ஸ் ஏயோட இஞ்சினியரிங் போடலாமோ எண்டு கேட்டவ. ஏலாது. இஞ்சினியரிங்குக்கு கொம்பைன்ட் மாட்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூண்டும் வேணும், மூண்டிலயும் எஸ்ஸாவது (சாதாரண சித்தி) இருக்கோணும். ஆனா கம்பியூட்டர் பக்கம் அவவுக்கு நிறையக் கோர்ஸ் இருக்கு, வவுனியாப் பல்கலைக்கழகத்திலயும் இருக்கு. ஓஎல் முடிச்சிட்டு இப்ப ஏஎல் பாடம் தெரிவு செய்யிற பிள்ளையள் பள்ளிக்கூடத்தில போம் நிரப்ப முதல் யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) கைந்நூலில எந்தக் கோர்ஸுக்கு எந்தப் பாடம் வேணுமெண்டு இருக்கிற பக்கத்தைத் திறந்து வாசியுங்கோ.