நிரலில் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ‘எடை’ என்று மட்டும் ஒரு மாறி (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) இருந்தால், அது கிலோவா கிராமா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். தராசு கிராமில் தரும் எண்ணைக் கிலோ விலையால் பெருக்கினால் தொகை ஆயிரம் மடங்காகிவிடும். அதையாவது யாரேனும் உடனே கவனித்துவிடுவார்கள். சாக்கின் எடையைக் கழித்த பிறகான எண்ணா, கழிக்காத எண்ணா என்ற குழப்பம்தான் ஆபத்தானது, ஏனெனில் அது ஒவ்வொரு சீட்டிலும் சில ரூபாயாக யார் கண்ணிலும் படாமல் சேர்ந்துகொண்டே போகும். ‘நிகர_எடை_கிராம்’ என்று எழுதிவிட்டால் இந்த இரண்டு ஐயங்களுக்கும் இடமில்லை. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்ததற்கும், ஒரு மென்பொருள் பவுண்டு விசை அலகில் தந்த எண்ணை மற்றொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

பொருளற்ற பெயரைவிடப் பொய்யான பெயர் மோசமானது என்பேன். ‘விலையைப்_பார்’ என்ற செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும், பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரல் பகுதி), இன்றைய மல்லிகை விலை பதிவாகாதபோது நேற்றைய விலையையே இன்றைய விலையாக எழுதிவைக்கிறது என்றால், அறிக்கை அச்சிடுவதற்காக அதை அழைப்பவர் தாம் கணக்கையே மாற்றுகிறோம் என்பதை அறியமாட்டார். முகூர்த்த நாளையொட்டி விலை ஒரே இரவில் ஏறும் சந்தையில் இது விவசாயிக்கு நேரடி இழப்பு.

எதைக் குறிக்கின்றன என்றே சொல்லாத ‘டேட்டா’, ‘டெம்ப்’, ‘தகவல்2’ போன்ற பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு வரிச் சுழற்சிக்குள் ஓரெழுத்துப் பெயர் இருப்பதில் தவறில்லை; ஆனால் ஒன்று என்ற இலக்கத்தைப் போலவே தோன்றும் ஆங்கிலச் சிறிய ‘எல்’ (l) எழுத்தைத் தனிப்பெயராக வைக்க வேண்டாம் என்று பைத்தான் நிரல்மொழியின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 (PEP 8) சொல்கிறது.

தொழிலில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டுப் பொதுச்சொல்லைத் தேடுவதும் தவறே. கமிஷன் கடையில் பூ கொண்டுவருபவரும் வாங்கிச் செல்பவரும் வாடிக்கையாளர்கள்தாம். ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும், மற்றவரிடம் வாங்க வேண்டும். ஆகவே ‘வாடிக்கையாளர்_பாக்கி’ என்ற பெயர் எதையும் தெளிவாக்காது. ‘விவசாயிக்குத்_தரவேண்டியது’, ‘வியாபாரி_தரவேண்டியது’ என்பவை நீளமானாலும் தெளிவானவை.

பழைய பெயரைத் திருத்தும்போது வெறும் தேடி மாற்றும் வசதியை நம்பக் கூடாது. ‘எடை’யை மாற்றப் போய் ‘சாக்கு_எடை’யும் சேர்ந்தே மாறிவிடும். நிரல் எழுதும் எடிட்டரில் உள்ள பெயர்மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். தரவுத்தள நெடுவரிசைகளுக்கு அது பெரும்பாலும் எட்டாது என்பதால், அவற்றைத் தனியே சரிபாருங்கள்.