கேட்டால் தருகிறோம் என்று எழுதாதீர்கள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் நீர், மண், பயிர் என்று ஆய்வுக்குப் பதிந்துவிட்டு, வரைவுப் பேப்பரைத் திருத்தித் தரச் சொல்லி வருகிறார்கள். தரவையும் பேப்பரையும் அடுத்தவருக்குத் திறந்து வைக்கும் விஷயத்தில் எங்கள் செட்டில் எல்லோரும் செய்த அதே தவறுகள், வரிசைகூட மாறவில்லை. போலி ஜர்னல், காப்பி அடிப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது.

"தரவு, கேட்டால் தரப்படும்"

பேப்பரின் கடைசியில் வரும் இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எழுதுகிற அன்றைக்கு எல்லோருக்கும் தரும் எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. அப்புறம் என்ன ஆகிறது? 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி வாக்குக் கொடுத்திருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். தரவு வந்தது 122 பேரிடமிருந்து. 7 சதவீதம்கூடத் தேறவில்லை. 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப் போனது. கட்டுரை பழசாக ஆக, தரவு கிடைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 சதவீதம் வீதம் சரிந்திருந்தது.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கிழக்குப் பாலக்காட்டுக் கிணறுகளின் நீர்மட்டம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க ஒரு மாணவி கிளம்பினாள். 2016-ல் கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்களே, அதை அடுத்து வந்த கோடையில் இதே கிணறுகளை அளந்து ஒருவர் பேப்பர் போட்டிருந்தார். உள்ளே இருந்தது பஞ்சாயத்து வாரியான சராசரி மட்டும். மெயில் அனுப்பினால் திரும்பி வந்தது. ஆளைத் தேடிப் போனால், "லேப்டாப் போயிடுச்சும்மா, சார்கிட்ட ஒரு காப்பி இருக்கும், கேட்டுப் பாரு" என்றார். சார் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய பென் டிரைவில் ஓர் எக்செல் கோப்பு கிடைத்தது. திறந்தால் "மட்டம்" என்று ஒரே ஒரு பத்தி. அடியா, மீட்டரா? தரையிலிருந்து அளந்ததா, சுற்றுச்சுவர் விளிம்பிலிருந்தா? கிணறுகளுக்குப் பெயர் கே1, கே2, கே3. எந்தக் 'கே' எந்தத் தோப்பில் என்று யாருக்கும் நினைவில்லை. தீசிஸ், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் இருந்தது; அதிலும் அதே சராசரி.

ஆய்வகச் சோதனை என்றால் திரும்பச் செய்துகொள்ளலாம். 2017 கோடையில் வற்றிக் கிடந்த கிணற்றை இனி யார் போய் அளப்பது? அந்தப் பெண் கடைசியில் அரசுக் கண்காணிப்புக் கிணறுகளின் எண்களை வைத்து, கேள்வியையே சுருக்கிக்கொண்டு முடித்தாள். பிளாச்சிமடா இருக்கும் வட்டாரம் இது. குளிர்பான ஆலை உறிஞ்சிய தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போன இடத்தில், கிணற்று எண்களை இப்படித் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எனவே பேப்பரை அனுப்பும் முன்பே மூல அளவுகளை சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணை) இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ களஞ்சியத்தில் கட்டணம் கிடையாது. கோப்பை எப்போதும் தேடி எடுக்க உதவும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் தருவார்கள். கூடவே ரீட்மீ என்று ஒரு விளக்கக் கோப்பு: அலகு, எங்கிருந்து அளந்தது, எந்தக் கருவி, எந்தத் தேதி. வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயமா? குறிப்பிட்ட தேதி வரை கோப்பைப் பூட்டி வைக்க அங்கேயே வழி உண்டு. கிணற்றுக்காரரின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் அளக்கத்தான் அனுமதித்தார்.

கல்லூரிக் கணக்கின் டிரைவ் இணைப்பு

தரவை வைக்க அது வேண்டாம். கணக்கை மூடினால் அதுவும் போச்சு.

"ஓப்பன் அக்சஸ் என்றால் காசு கட்டணும்"

யாரும் காசு கொடுக்காமல் படிக்கும்படி பேப்பரைத் திறந்து போடுவதுதான் ஓப்பன் அக்சஸ். அதற்காகக் கடன் வாங்கிக் கட்டப்போன பிள்ளையைத் தடுத்திருக்கிறேன். இப்படித் திறந்த ஜர்னல்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஆசிரியரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. சந்தா ஜர்னலில்தான் போடுவேன் என்றால், சரி. ஏற்கப்பட்ட பிரதியை, அதாவது அவர்கள் அச்சுக்கு வடிவமைக்கும் முன் உங்களிடம் இருந்த கடைசி வேர்ட் கோப்பை, களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் விடுகின்றன. சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி), உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) பணத்தில் செய்த ஆய்வு என்றால் அவர்களது 2014 கொள்கைப்படி வைத்தே ஆகவேண்டும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

"அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சே"

ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் இது. 2025 ஜனவரியில் தொடங்கியது. ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களிலும் இருப்பவர்களுக்கு. தன் கிணற்றில் டேப்பை இறக்க விட்ட கொழிஞ்சாம்பாறை விவசாயிக்கு உங்கள் பேப்பர் இன்னும் பூட்டியேதான் கிடக்கிறது.

அட்டவணையை ஸ்கேன் செய்து பிடிஎஃபில் ஒட்டுவது

கூடாது.

உரிமம் குறிப்பிடாமல் விடுவது

பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற உரிமம்தான் சிசி பை. அதைச் சொல்லி ஒரு வரி போதும். அது இல்லாவிட்டால், படிக்க முடிகிற தரவைக்கூட எடுத்துப் பயன்படுத்தலாமா என்று அடுத்தவர் உங்களுக்கு மெயில் போட்டுக் கேட்க வேண்டிவரும்.