வெள்ள நேரத்தில் உதவிச் செய்தியை அனுப்பும் முறை

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, படகு எங்கே வேண்டும், சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதை முன்பின் அறியாதவர்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி பரவியதும் அதே வழியில்தான்.

உதவி கேட்டு எழுதுபவர், முழு முகவரி, அருகிலுள்ள அடையாளம், எந்த மாடி, எத்தனை பேர், அவர்களுள் முதியவரோ கைக்குழந்தையோ உண்டா என்பவற்றுக்கெல்லாம் முன்பாக, தேதியையும் நேரத்தையும் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். நேரம் குறிக்காத செய்திதான் பெருந்தொல்லை. என்றைக்கோ மீட்கப்பட்ட குடும்பத்தைத் தேடி மறுபடியும் படகு போய் நிற்கும்.

வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. எப்படியானாலும், பகிர்வதற்கு முன் அதிலுள்ள எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். (சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவர்கள் எடுக்காமலும் இருக்கலாம், அப்போது குறுஞ்செய்தி அனுப்பலாம்.)

உதவி போய்ச் சேர்ந்ததும், முதலில் பகிர்ந்த அதே குழுவில் "மீட்கப்பட்டனர்" என்று நேரத்துடன் எழுதி, பழைய பதிவை நீக்கிவிடுங்கள்.