சுருட்டைப் பிடுங்கினால் போதாது: போர்ட்ரெய்ட் எடுக்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

போர்ட்ரெய்ட் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் இளைஞர்களில் பலருக்கு ஒரு கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும். சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை ஒரு போட்டோக்காரர் பிடுங்கினார்; சர்ச்சில் முறைத்தார்; அந்த முறைப்பு உலகப் புகழ்பெற்ற படமாகிவிட்டது. அந்தப் போட்டோக்காரர் கனடாவின் யூசுப் கார்ஷ். கதை உண்மைதான். ஆனால் 'எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சீண்டினால் நல்ல படம் வரும்' என்று அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் தவறு. நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம்.

அன்று நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 30. ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தில் பேசி முடித்துவிட்டு சர்ச்சில் சபாநாயகர் அறைக்கு வருகிறார். அங்கே படம் எடுக்கப்போகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. விளக்குகள் சட்டென்று எரிந்ததும் 'என்ன இது, என்ன இது' என்று உறுமுகிறார். கடைசியில் ஒரே ஒரு படத்துக்குச் சம்மதிக்கிறார். கார்ஷ் விளக்கும் கேமராவும் முந்தைய மாலையே அமைத்து வைத்துவிட்டார். சாம்பல் கிண்ணத்தை நீட்டிப் பார்க்கிறார். சர்ச்சில் சுருட்டை விடுவதாக இல்லை. கேமராவிடம் திரும்பிப் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கிறார். காத்திருக்கிறார். அப்புறம்தான் முன்னால் போய், 'மன்னியுங்கள் ஐயா' என்று சொல்லி சுருட்டை எடுக்கிறார். திரும்பி வந்தபோது சர்ச்சில் தன்னை விழுங்கிவிடுவதுபோல் பார்த்தார் என்று கார்ஷே பின்னாளில் எழுதினார். அந்த நொடியில் ஷட்டர் விழுந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. சர்ச்சில் சிரித்துவிட்டு, இன்னொன்றும் எடுத்துக்கொள் என்றார். அந்தச் சிரித்த படமும் இருக்கிறது. போகும்போது கைகுலுக்கி, கர்ஜிக்கும் சிங்கத்தைக்கூட அசையாமல் நிற்க வைத்துவிடுகிறாய் என்று பாராட்டினார். 'கர்ஜிக்கும் சிங்கம்' என்று படத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அவமதிக்கப்பட்டதாக நினைத்த மனிதர் இரண்டாவது படத்துக்கு நின்றிருக்க மாட்டார். கார்ஷின் மரியாதையை அவர் பார்த்திருக்கிறார். அந்த மரியாதையை விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் தாத்தாவின் தோளைத் தட்டி 'சிரிங்க சார்' என்று அதட்டும் பையனைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது. அந்தத் தாத்தாவின் முகம் அதற்குப் பிறகு அன்று முழுவதும் திறக்காது.

சர்ச்சிலைப் படமெடுத்தபோது கார்ஷுக்கு வயது 33. ஒரே நாளில் புகழ் வந்ததாகத் தோன்றும். அதற்கு முன்பிருந்த வருடங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது இரண்டாவது தவறு. அவர் 1908இல் மார்தின் என்ற ஊரில், ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் அங்கே ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். 1922இல் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பி சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பியது. அங்கிருந்து பையனை மட்டும் கனடாவில் ஸ்டுடியோ வைத்திருந்த தாய்மாமா ஜார்ஜ் நகாஷிடம் அனுப்பினார்கள். பையனுக்கு டாக்டராக ஆசை. மாமா கேமராவைக் கையில் கொடுத்தார். அப்புறம் பாஸ்டனில் இருந்த ஜான் காரோ என்ற ஆர்மீனியக் கலைஞரிடம் வேலை பழக அனுப்பினார். ஆறு மாதம் என்று போனவர் சுமார் மூன்று வருடம் தங்கிவிட்டார்.

காரோ செயற்கை விளக்கைத் தொடாதவர். கூரைக் கண்ணாடி வழியாக வரும் பகல் வெளிச்சம்தான் அவருக்கு எல்லாம். சாயங்காலம் வெளிச்சம் போனதும் ஸ்டுடியோவே பாடகர்களும் ஓவியர்களும் கூடும் இடமாகிவிடும். அவர்களுக்குப் பானம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேச்சைக் கேட்டவர் இளைஞர் கார்ஷ். பழைய ஓவியர்களைப் போய்ப் பார், ரெம்ப்ராண்ட் வெளிச்சத்தை எங்கே வைத்தார் என்று கவனி என்று காரோ அவரைத் துரத்திக்கொண்டே இருந்தார். கேமராவைவிட மனிதர்களோடு பழகுவதைத்தான் அங்கே அதிகம் கற்றுக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொரு தவறும் நினைவுக்கு வருகிறது: குருவின் நகலாகவே நின்றுவிடுவது. கார்ஷ் அப்படி நிற்கவில்லை. 1932இல் ஒட்டாவாவில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். அந்த ஊர் நாடகக் குழுவோடு பழகினார். இருண்ட மேடையில் ஒரு முகத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கி நிறுத்த முடிகிறது, விளக்கை மாற்றினால் கோபம் சோகமாகிறது என்பதை அங்கே பார்த்தார். குருவின் பகல் வெளிச்சத்திலிருந்து மேடை விளக்குக்கு வந்தார். இன்று கார்ஷ் பாணி என்று நாம் சொல்லும் கறுத்த பின்னணியும் முகத்தின் ஓரங்களில் விழும் கூர்மையான ஒளியும் அங்கே முளைத்தவைதான். இன்று ரீல்ஸில் பார்த்த லைட்டிங்கை அப்படியே வைத்துப் படமெடுக்கும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த விளக்கு இந்த முகத்துக்கு எதற்கு?

நாடகக் குழுவின் மூலம்தான் அன்றைய கனடாவின் கவர்னர் ஜெனரல் பெஸ்பரோவைப் படமெடுக்கும் வாய்ப்பு வந்தது. பதற்றத்தில் ஃபோகஸ் தவறி, முதல் முறை எடுத்த படங்கள் கெட்டுப்போயின. மறுபடி உட்காரச் சம்மதம் வாங்கி எடுத்தவை பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்தன. ஆகவே, ஒரு படம் சொதப்பினால் ஒளிந்துகொள்ளாதீர்கள். போய் உண்மையைச் சொல்லி, இன்னொரு அரைமணி நேரம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

படம் எடுக்கப் போகும் முன்பே அந்த மனிதரைப் பற்றித் தீர்மானித்துவிடுவதும் பெரிய தவறு. ஆனால் ஒன்றும் தெரியாமல் போவது அதைவிடப் பெரியது. கார்ஷ் தன் எதிரே உட்காரப்போகிறவரைப் பற்றித் தேடிப் படித்துவிட்டுத்தான் போவார். 1957இல் எழுத்தாளர் ஹெமிங்வேயைப் படமெடுக்க கியூபாவுக்குப் போனபோது, அவர் கதைகளில் வரும் முரட்டு ஆண்களின் கலவையாக ஒருவரை எதிர்பார்த்திருந்தார். வந்தவரோ மென்மையானவர், தான் படமெடுத்ததிலேயே மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று கார்ஷ் சொன்னார். தடித்த கம்பளிச் சட்டையும் நரைத்த தாடியுமாக அந்தப் படத்தைப் பாருங்கள். கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. படித்துக்கொண்டு போனதைக் கதவருகே வைத்துவிட்டு, எதிரே இருந்தவரைப் பார்த்ததால் கிடைத்த படம் அது.

முகம் தெரிந்தால்தான் போர்ட்ரெய்ட் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது செல்லோ இசைக் கலைஞர் பாப்லோ கசல்ஸின் படம். 1954இல் தெற்கு பிரான்ஸில், ஒரு பழைய மடாலயத்தில் எடுத்தது. வெறுமையான கல் சுவர், உயரத்தில் சின்ன ஜன்னல், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செல்லோ வாசிக்கும் முதியவர். வாசிப்பில் மனம் கரைந்து, படம் எடுக்க வந்ததையே சற்று நேரம் மறந்துபோனதாகக் கார்ஷ் எழுதியிருக்கிறார். இந்தப் படம் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டிருந்தபோது ஒரு முதியவர் தினமும் வந்து அதன் முன் நீண்ட நேரம் நிற்பாராம். ஏன் என்று காப்பாளர் கேட்டதற்கு, 'சும்மா இரு தம்பி, நான் இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றாராம். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி வந்தபின் ஊர் திரும்ப மறுத்து, அப்போது பிரான்ஸில் வாழ்ந்துவந்தவர் கசல்ஸ். அந்தத் தனிமை முழுவதும் அந்த முதுகில் இருக்கிறது. கைகளையும் இதேபோல் கவனியுங்கள். கார்ஷ் கைகளுக்கென்றே தனி அக்கறை எடுத்து வெளிச்சம் வைப்பார். நம் படங்களில் கை எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும்.

ரீடச், அதாவது எடுத்த படத்தைத் திருத்துவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகச் சுருக்கங்களை இஸ்திரி போட்டதுபோல் அழித்துவிடாதீர்கள். கறுப்பு நிறத்தை வெளுக்க வைக்காதீர்கள். வாடிக்கையாளரே கேட்டாலும் முதலில் வெளுக்காத பிரிண்ட்டைக் காட்டுங்கள்; அதை ஆசையாக எடுத்துக்கொண்டு போனவர்கள் என் அனுபவத்தில் நிறைய.

கார்ஷையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். எல்லோரையும் ஒரே கம்பீரமான இருட்டுக்குள் உட்காரவைத்து மாமனிதர்களாக்கிவிடுகிறார் என்ற விமர்சனம் அவர்மேல் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. வரிசையாகப் பத்துப் பேரின் படங்களைப் பார்த்தால் விளக்குதான் நினைவில் நிற்கிறது. பாணி கைவந்ததும் அதற்குள்ளேயே குடியிருந்துவிடும் ஆபத்து எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் பிரபலங்களை மட்டுமே எடுத்தார் என்பது சரியில்லை. 1951இல் விண்ட்சர் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையில் தொழிலாளர்களை எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். தலைவர்களுக்கு வைத்த அதே கவனத்தோடுதான் அவர்களுக்கும் விளக்கு வைத்திருக்கிறார்.

கடைசியாக, எடுத்ததைப் பாதுகாக்காமல் விடுவது. கார்ஷின் நெகட்டிவ்கள் 1987இல் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒட்டாவாவில் ஷாட்டோ லோரியே ஓட்டலில்தான் அவர் பல வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தார். அங்கே மாட்டியிருந்த சர்ச்சில் படத்தை யாரோ திருடிவிட்டு நகலை வைத்துவிட்டார்கள். மற்ற படங்களைப் போல் அது சரியாகத் தொங்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் ஓர் ஊழியர் கவனித்தார். கார்ஷின் கையெழுத்தை நன்கு அறிந்தவர் பார்த்து, நகலில் இருந்தது போலிக் கையெழுத்து என்று சொன்னார். மூலப் படம் 2024இல் இத்தாலியில் கிடைத்தது. கையெழுத்திட்டுக் கொடுத்த பிரிண்ட் என்பதால்தான் அந்த அடையாளம் சாத்தியமாயிற்று. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பிரிண்ட்டின் பின்னாலும் பென்சிலால் தேதி, ஊர், உட்கார்ந்தவர் பெயர், உங்கள் கையெழுத்து நான்கையும் எழுதுங்கள். ஃபைல்களை இரண்டு இடத்தில் வையுங்கள்.